தொண்ணூற்றாறு கிணறுகள்

இன்குபேட்டருக்குச் சூடேற்றத் தெரியும்.
குளிரவைக்கத் தெரியாது.
செய்த ஊரில் அதற்குத் தேவை இருந்திருக்காது.
தரமணியில், கத்திரி பிறந்த ஆறாம் நாள்,
வெள்ளி இரவு எப்போதோ ஏசி நின்றது.
கதவு மூடிய அறை நாற்பதைத் தொட்டது.
முப்பத்தேழில் இருக்க வேண்டிய என் எலிகள்
முப்பத்தொன்பதரையில் கிடந்தன,
ஞாயிறு காலைவரை, கேட்பாரின்றி.

எலி என்று சொல்வது வாய்ப்பழக்கம்.
அது செத்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.
வெள்ளைச் சுண்டெலி, ஆண்.
வயிற்றில் வைரஸ் ஊசி, அப்புறம் கட்டி, அப்புறம் நீர்.
அந்த நீரில் மிதந்த ஒன்று
இன்னும் இரண்டாகிக்கொண்டே இருக்கிறது.
உலர்பனிப் பெட்டியில் விமானம் ஏறி
மீனம்பாக்கம் கஸ்டம்ஸில் இரண்டு நாள் உட்கார்ந்து
நைட்ரஜன் தொட்டியில் என் கோணல் கையெழுத்தோடு
உறைந்து, உருகி, மறுபடி இரண்டாகி.
சுண்டெலிக்குப் பெயர் இல்லை. எண் உண்டு.

குணம் கேட்டால் சொல்வேன்:
தரையை அரை மனதாய்ப் பிடிக்கும்.
மற்றவை டிரிப்சின் ஊற்றினால் விட்டுவிடும், இது விடாது.
சுரண்டித்தான் எடுக்க வேண்டும்,
தோசையின் ஓரத்தைக் கிளப்புகிற கையோடு.
அழுத்தினால் பாதி செத்துப்போகும்.
பதினைந்து மணி நேரத்தில் இரட்டிக்கும்;
ஒருநாள் பார்க்காவிட்டால்
தண்ணீர் கூடிய நன்னாரி சர்பத் நிறத்து ஊடகம்
எலுமிச்சை மஞ்சளாகிவிடும், பசி என்று அர்த்தம்.
எதையும் தின்னும்.
ஈஸ்ட்டின் தோல், லேடெக்ஸ் மணி, செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரன்.
லேடெக்ஸ் செரிக்காது.
என்றாலும் துப்பாது.

நலமாய் இருந்தால் உருண்டை.
பகையின் வாசம் பட்டால் கை நீட்டும், கால் நீட்டும்,
வயிறு முழுக்கக் குமிழி.
ஞாயிறு காலை மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன்.
ஒன்றுகூட உருண்டை இல்லை.
எதிரி இல்லாத ஊரில் அத்தனை பேரும் ஆயுதத்தோடு.

ஒரு தட்டில் தொண்ணூற்றாறு கிணறு.
மே மாதத்துச் சென்னையில் இத்தனை கிணற்றிலும் தண்ணீர் இருப்பது
இங்கே மட்டும்தான்,
கிணற்றுக்கு இருநூறு மைக்ரோலிட்டர்.
பாக்டீரியாவின் மேலுறைத் தூள் பாதிக்கு.
மீதிப் பாதி கன்ட்ரோல், அதில் ஒன்றும் போடவில்லை.
ஒன்றும் போடாததில் நிறம் வரக்கூடாது.
ரீஏஜென்ட் விட்டுப் பத்து நிமிடம் எண்ணினேன்.
வந்தது. இளஞ்சிவப்பு.
எல்லாக் கிணற்றிலும், வரிசை பிசகாமல்.

வெயில்தானா, புது லாட் சீரமா,
பத்தொன்பதாம் பாசேஜின் கிழட்டுக் கோபமா?
ஜெசிந்தா, "மைக்கோபிளாஸ்மாவும் பாத்துடு" என்றாள்,
ஆறுதல் சொல்கிற குரலில்.

காஜா மொய்தீன் ரிச்சி தெருவிலிருந்து
கெப்பாசிட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.
நானூற்றைம்பது ரூபாய்.
"உள்ள என்னம்மா வளக்குறீங்க?"
"எலியோட செல்லு."
"எலிய அடிக்கத்தான ஆள் கூப்பிடுவாங்க" என்றார்,
ஸ்க்ரூவைப் பல்லில் கடித்தபடி.
கிரில்லைப் பிடித்துக்கொண்டிருந்த என் விரல் கிழிந்தது.
ராத்திரிக்குள் வீங்கிச் சிவந்து துடித்தது.
அங்கேயும் யாரோ கை நீட்டுகிறார்கள், கால் நீட்டுகிறார்கள்,
பாசேஜ் எண் இல்லாமல்,
என்னிடம் கேட்காமல்.

பிளீச் ஊற்றினேன்.
நிறம் போக நான்கு நொடி.
பிறகு எட்டாம் பாசேஜ் வயல் ஒன்றை எடுத்து
உள்ளங்கையில் உருட்டி உருக்கினேன்.
தண்ணீர்த் தொட்டியில்தான் உருக்க வேண்டும், தெரியும்.
ஆனால் அன்றைக்கு அதை நம்பவில்லை.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
ஏசி என்று எழுதி, அடித்து,
தெரியவில்லை என்று எழுதினேன்.
கையொப்பம் இடுகையில் பேண்ட்-எய்ட் நழுவி
தாளில் ஒரு சிறு புள்ளி.